மற்றும் ஒருவர்

கடை போன அன்னிக்குக் காலையில மணி ஆறு இருபது. வரிசையில நாப்பத்தொரு பேர். கடை பேரு பொன்னையன் சந்தகை. நீங்க தேடி வந்தது அதைத்தானுங்களே? வாங்க, இப்படி உக்காருங்க. பஸ் ஸ்டாப் பெஞ்சு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் தினமும் இங்கதான் உக்காந்திருக்கறேன்.

அதா, எதுத்தாப்பல ஜூஸ் வண்டி நிக்குதுங்களே, அந்த எடந்தான். வண்டிக்குப் பின்னால, மூடிக் கிடக்கற கடையோட கிரில் கம்பியில சங்கிலி போட்டு ஒரு இரும்பு நிக்குது பாருங்க, மூணு காலோட. அது எங்க மெஷின். பாத்துட்டீங்களா? சரி. அதைப் பாத்துக்கத்தான் நான் உக்காந்திருக்கறேன். கண்ணை எடுத்தா தூக்கிட்டுப் போயிருவா.

யாரா? என்ற ஓரகத்தி. கொழுந்தன் பொண்டாட்டி. கடை எங்க போச்சுன்னு கேட்டீங்களே, கடையைக் கொன்னது அவதான்.

நீங்க கோயமுத்தூருக்குப் புதுசுங்களா? சந்தகைன்னா இடியாப்பம்னு நெனைச்சுக்காதீங்க. இடியாப்பத்துக்குப் பச்சை மாவைப் புழிஞ்சு வேக வைப்பாங்க. சந்தகைக்கு மாவை முதல்ல வேக வைக்கணும். வெந்ததைச் சூடு ஆறறதுக்குள்ள மெஷின்ல போட்டுப் புழியணும். ஆறிருச்சுன்னா முடிஞ்சுது, எவன் வந்து திருகினாலும் கைப்பிடி நகராது. அதனால ரெண்டு ஆளு வேணும். ஒருத்தர் நின்னு திருகைச் சுத்தணும். ஒருத்தர் கீழ உக்காந்து, மெஷின் காலைத் தன்ற காலால அமுக்கிக்கிட்டு, விழற நூலை இலையில வட்டமாப் பிடிக்கணும். மேல தேங்காய்ப் பாலு, நாட்டுச் சர்க்கரை. வேணாங்கறவங்களுக்கு எலுமிச்சம்பழம் தாளிச்சது. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஒன்பதரைக்கு சட்டி காலி. நகைப் பட்டறைக்காரங்க, பூக்காரங்க, துணிக்கடைப் புள்ளைங்க, இந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில நோயாளியைப் பாக்க வர்ற ஒறம்பரைங்க, எல்லாரும் இங்கதான்.

திருகு சுத்தறது நான். இலை பிடிக்கறது அவ. எது கஷ்டம்? நீங்களே சொல்லுங்க. கையைப் பாருங்க, எப்படிக் காச்சுப் போயிருக்குதுன்னு. அவளுக்கு என்ன, உக்காந்த எடம்.

மாமனார் பொன்னையன் போனதுக்கப்புறம் பாகம் பிரிச்சாங்க. வீட்டுல முன்பக்கம் எங்களுக்கு, பின்பக்கம் அவங்களுக்கு. பாத்திரம் பண்டம் எல்லாம் எண்ணிப் பிரிச்சாச்சு. மெஷின் ஒண்ணு. அதை எப்படிப் பிரிக்கறது? பெரியவங்க நாலு பேரு உக்காந்து மத்தியானம் வரைக்கும் யோசிச்சாங்க. பொறவு சொன்னாங்க: மேல்பாகம், அதாவது திருகும் கைப்பிடியும், மூத்தவனுக்கு. கீழ்பாகம், மாவு போடற குழலும் மூணு காலும், இளையவனுக்கு. ஒருத்தன் மட்டும் வித்துட்டுப் போக முடியாது பாருங்க. தீர்ப்புன்னா அது தீர்ப்பு.

அன்னியிலிருந்து கடை முடிஞ்சதும் நான் திருகைக் கழட்டி என்ற பையில போட்டுக்குவேன். அவ காலையும் குழலையும் சாக்குல கட்டித் தூக்கிக்குவா. ஒரே வீடு, ஒரே பஸ்சு. நான் முன்னால ஏறுவேன், அவ பின்னால ஏறுவா. கண்டக்டருங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். காலையில வந்து ரெண்டையும் சேத்துனாத்தான் கடை. பதினாறு வருசம் ஒரு நாள் பிசகலை.

அதுல கடைசி ஏழு வருசம் அவ என்கிட்டப் பேசலை.

என்ன சண்டைன்னு கேப்பீங்க. சண்டையே இல்லைங்க. அதுதான் கொடுமை. ரெண்டாயிரத்துப் பதினேழு தை மாசம் என்ற மகளுக்குக் கல்யாணம். கொழுந்தன் ரங்கசாமி போய்ச் சேந்து எட்டு மாசம், டெம்போ கவுந்து. பத்திரிகையில ‘தங்கள் நல்வரவை விரும்பும்’னு போட்டுப் பேரு வரிசையா வருமில்லைங்களா? அதுல அவ பேரு இல்லை. அவ்வளவுதான் விசயம். மங்கலப் பத்திரிகையில ‘காலஞ்சென்ற’ன்னு ஒரு வார்த்தையை எப்படிங்க போடறது? அது இல்லாம அவ பேரை மட்டும் எப்படிப் போடறது? அச்சாபீஸ்காரரு வேற எடமில்லைன்னாரு. கடைசி வரியில ‘மற்றும் உற்றார் உறவினர்’னு போட்டிருந்துச்சு. அதுல அவளும் சேத்திதானே? ஊரே சேத்தி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் முன்னூறு தேங்காயை ஒத்தை ஆளா உக்காந்து துருவுனது அவதான். நான் இல்லைன்னு சொல்லலை. அதுவரைக்கும் பத்திரிகையை அவ பாக்கலை. துருவி முடிச்சுக் கையைக் கழுவிட்டு வந்து, யாரோ வச்சுட்டுப் போனதை எடுத்துப் படிச்சா. ரெண்டு தரம் படிச்சா. மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா. அன்னிக்கு மூடின வாயி.

கடைக்கு மட்டும் வந்துருவா. வராம? பாதி மெஷின் என்கிட்ட இருக்குதே.

பேசாம எப்படிக் கடை நடத்துனீங்கன்னு கேளுங்க. வரிசையில நிக்கறவங்க வாயிலதான். நகைப் பட்டறை வெங்கிடுசாமின்னு ஒருத்தரு, தினமும் முதல் ஆளா வந்து நிப்பாரு. அவருதான் எங்களுக்குத் தபால்காரரு.

“மாவு ஆறுதுன்னு பெரியக்காகிட்டச் சொல்லுங்க”ன்னு அவ கீழேயிருந்து சொல்லுவா. நான் ஒரு முழம் தள்ளி நிக்கறேன், எனக்குக் காது கேக்காதா?

“பெரியக்கா, மாவு ஆறுதாமுங்க.”

“இலையை நேராப் பிடிச்சா நான் ஏன் மெதுவாச் சுத்தறேன்னு கேளுங்க.”

“சின்னக்கா, இலையை…”

“கேட்டுச்சு.”

“அப்ப நான் எதுக்குங்க நடுவுல? எனக்கு ரெண்டு சுத்து சேத்திப் போடுங்க, தூது போனதுக்கு.”

வரிசை பூராச் சிரிக்கும். அதைப் பாக்கறதுக்குன்னே சில பேரு வந்தாங்கன்னு நெனைக்கறேன். வரட்டும், கூட்டம் கூட்டந்தானே. ஆனா ஒண்ணு கவனிச்சேன். அவளை எல்லாரும் ‘சின்னக்கா’ன்னு குழைவாங்க. என்னைப் பெரியக்காங்கறப்ப மரியாதை மட்டும் இருக்கும். அவ இலையில எல்லாருக்கும் ஒரு சுத்து சேத்திப் பிடிப்பா. யாரு வீட்டு மாவு? பாதி என்ற மாவு.

இப்படிப் போயிட்டிருந்த கடைக்கு இந்த வருசம் பிப்ரவரி பன்னெண்டாம் தேதி கார்ப்பரேஷன் ஆபீஸ்ல இருந்து ஒரு பையன் வந்தான். சட்டையில அட்டை, கையில பெரிய போன் மாதிரி டேப். தெருவோரக் கடைக்கெல்லாம் அடையாள அட்டை தர்றாங்களாம். அட்டை இருந்தா எடம் நிக்கும், இல்லைன்னா எடுத்துருவாங்க. நல்ல பையன்தான். வரிசையில நின்னு தின்னுட்டுத்தான் கேட்டான்.

“ஓனர் யாருங்கம்மா?”

“நான்”னேன். கீழேயிருந்தும் “நான்”னு வந்துச்சு.

“ஒரு எடத்துக்கு ஒரு அட்டைதாங்கம்மா. ஒரு பேருதான் முதல்ல வரும்.”

“என்ற பேரை எழுதிக்கோ சாமி. மயிலாத்தாள்.”

“அப்ப அவங்க?”

“அது உதவிக்கு நிக்குது”ன்னேன்.

வேற என்னன்னு சொல்லறது? சொல்லுங்க. நின்னு சுத்தறவ நான், பிடிச்சுக் குடுக்கறது உதவிதானே? அவ கையில இருந்த இலையை மெதுவாக் கீழ வச்சா. நான் சுத்திட்டே இருக்கறேன், சந்தகை அத்தனையும் தரையில விழுது. வெங்கிடுசாமிதான் “ஐயோ ஐயோ”ன்னு கத்துனாரு. அவ அவரைப் பாத்துச் சொன்னா: “தரையும் உதவிக்குத்தானுங்க இருக்குது.”

எவ்வளவு திமிரு பாருங்க.

அந்தப் பையன் டேப்புல ‘தகராறு’ன்னு தட்டிக்கிட்டான். “இருபத்தியொண்ணாம் தேதி, புதன்கிழமை, இதே நேரத்துக்கு மறுபடி வருவேன். கடை நடக்கணும். ரெண்டு பேரும் பேசி ஒரு பேரைச் சொல்லுங்க”ன்னுட்டுப் போயிட்டான்.

பேசறதா? நான் வேற வழி பாத்தேன். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு லீவு. கணபதியில தேவசகாயம்னு ஒருத்தரு லேத் பட்டறை வச்சிருக்காரு. காலையிலயே திருகை எடுத்துக்கிட்டுப் போனேன். “இதுக்குப் பொருந்தற மாதிரி ஒரு குழலும் காலும் கடைஞ்சு குடுங்க, அளவெடுத்துட்டுத் திருகைச் சாயங்காலம் குடுத்துருங்க”ன்னேன்.

அந்த மனுசன் சொன்னாரு, “ஏனுங்கக்கா, அதுக்கு ஒத்தை ஆளே புழியற மாதிரி நெம்புகோல் வச்சுப் புதுசாவே ஒண்ணு பண்ணித் தர்றேனே. கீழ தட்டு தானாச் சுத்தும். இன்னொரு ஆளே வேண்டாம்.”

எனக்கு அது சரியாப் படலை. இன்னொரு ஆளில்லாம அது என்ன சந்தகை? வேண்டாம்னுட்டேன்.

சாயங்காலம் போறேன், பட்டறை வாசல்ல அவ நிக்கறா. கையில காலிச் சாக்கு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவளும் காலையில வந்திருக்கறா, குழலையும் காலையும் குடுத்து, திருகு கடைஞ்சு தரச் சொல்லி. எனக்குத் தெரியாம! திருட்டு புத்தி எப்படி இருக்குது பாருங்க. உள்ள இருந்து தேவசகாயம் எண்ணெய்க் கையோட சிரிச்சுக்கிட்டு வர்றாரு.

“வாங்கக்கா, ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி வந்துட்டீங்க. மெஷின் ரெடி. நீங்க போனப்புறம் குழலும் காலும் வந்துச்சா, என்ற பொண்டாட்டி வாங்கி வச்சுட்டு ‘பொன்னையன் கடையிது, சேத்தணுமாம்’னு சொன்னா. பழசே வந்துருச்சே, புதுசு எதுக்குன்னு சேத்திப் பாத்தேன், மரை தேஞ்சு ஆடிட்டிருந்துச்சு. இனி ஆடாது. மேல ஒரு வளையம் போட்டு வெல்டு வச்சுட்டேன். திருகு மேல கீழ போகும், வெளிய வராது. எவனாலயும் கழட்ட முடியாது!”

கழட்ட முடியாது. அந்த மனுசன் அதைப் பெருமையாச் சொல்றாரு. ரெண்டு பேரும் அவரைப் பாத்த பார்வையில சிரிப்பு நின்னுபோச்சு.

“அறுத்துக் குடுங்க”ன்னேன்.

“அறுத்தா ரெண்டும் வீணுங்கக்கா. வார்ப்பிரும்பு. வெடிச்சுப் போகும்.”

அன்னிக்கு ஆட்டோவுல மெஷினை நடுவுல வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் ரெண்டு பேரும் உக்காந்து வந்தோம். ஆளுக்கொரு காலைப் பிடிச்சுக்கிட்டு. யாரு வீட்டுப் பக்கம் வைக்கறது? முன்பக்கமா, பின்பக்கமா? ரெண்டும் ஆகாது. நேராக் கடைக்கே கொண்டாந்து, கைப்பிடியையும் காலையும் சுத்தி அந்தக் கிரில்ல சங்கிலி போட்டோம். நான் ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். அவ போய் இன்னொரு பூட்டு வாங்கியாந்து போட்டா. என்ற சாவி என்ற இடுப்புல. அவ சாவி அவ இடுப்புல.

புதன்கிழமையில இருந்து ஆறு நாளு அப்படியே ஓடுச்சு. காலையில நான் என்ற பூட்டைத் திறப்பேன், அவ அவளோடதைத் திறப்பா. வெல்டு வச்சதுல திருகு எண்ணெய் மாதிரி இறங்குச்சு. ஆடவே இல்லை. சந்தகை அத்தனை நைசா அதுக்கு முன்னால விழுந்ததே இல்லைன்னு வெங்கிடுசாமி சொன்னாரு. நான் திருகைச் சுத்திட்டே இருந்தேன்.

அந்த இருபத்தியொண்ணாம் தேதி வந்துச்சு.

நான் என்ன நெனைச்சேன்னா, நான் போகலைன்னா சுத்த ஆளில்லை. என்ற பூட்டும் தொங்கும். அவ வெறுங்கையோட நிப்பா. ஆபீஸ் பையன் கண்ணால பாப்பான், யாரு இல்லைன்னா கடை இல்லைன்னு. அப்ப எழுதுவானில்லைங்க, ஓனர் யாருன்னு? நியாயமான நெனப்புதானே? அதனால அஞ்சரைக்கே வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்துட்டேன். இதே எடம். முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டேன். குளிரும் இருந்துச்சு.

அவ வந்தா. ரெண்டு அடுப்பையும் அவளே பத்த வச்சா. அவ பூட்டைத் திறந்து சங்கிலியில தொங்கவிட்டா. என்ற பூட்டைப் பிடிச்சு ஒரு தரம் இழுத்துப் பாத்தா. பொறவு மாவை வேக வச்சுட்டு, இலையை மடியில வச்சுக்கிட்டு, மெஷின் காலை அமுக்கிக்கிட்டு உக்காந்துட்டா. வரிசை வளந்துட்டே போகுது. வெங்கிடுசாமி ரெண்டு தரம் ரோட்டுத் திருப்பம் வரைக்கும் ஓடிட்டு வந்தாரு, என்னைத் தேடி. ஆறு இருபதுக்கு அந்தப் பையன் வந்தான். வரிசையை எண்ணுனான். நாப்பத்தொண்ணு. அவளை என்னமோ கேட்டான். அவ தலையை ஆட்டுனா. இட்லிச் சட்டியில இருந்து ஆவி வர்றது இங்க வரைக்கும் தெரியுது.

அப்பத்தான் நிமிந்து ரோட்டைத் தாண்டி நேரா இந்தப் பக்கம் பாத்தா. பாத்துட்டுச் சத்தமாச் சொன்னா, “மாவு ஆறுது!”

யாரைப் பாத்துச் சொன்னாளோ. நடுவுல வெங்கிடுசாமி இல்லை, அவரு திருப்பத்துக்கு ஓடியிருந்தாரு. பஸ் ஸ்டாப்புல பத்துப் பேரு நிக்கறாங்க. என்னைத்தான்னு எப்படித் தெரியும்? அக்கான்னு ஒரு வார்த்தை சேத்தியிருக்கலாமில்லைங்க? ஏழு வருசம் கழிச்சு வாயைத் திறக்கறவ முறை சொல்லிக் கூப்பிட்டாக் குறைஞ்சா போயிருவா? சாவி கையிலதான் இருந்துச்சு. இடுப்புல இருந்து எடுத்துட்டேன், அதையும் சொல்லிடறேன். அதுக்குள்ள பதினாலாம் நம்பர் பஸ்சு வந்து நடுவுல நின்னுருச்சு. அது போறப்ப ஆபீஸ் பையன் மெஷினைப் போட்டோ எடுத்துட்டிருந்தான். ஏழு மணிக்கு அவ சட்டியை இறக்கிக் கட்டிப் போன மாவைக் குப்பைத் தொட்டியில கொட்டுனா.

‘செயல்பாட்டில் இல்லை’ன்னு எழுதிட்டானாம். இப்ப ஊரே சொல்லுது, பெரியக்கா பூட்டுப் போட்டுத்தான் கடை போச்சுன்னு. முந்தின நாளு வரைக்கும் அவ பூட்டும்தானே பூட்டியிருந்துச்சு? அதை யாராச்சும் சொல்றாங்களா?

அப்பவும் கெட்டுப் போகலைங்க. அந்தப் பையன் இளகின மனசு. ஆபீஸுக்கு நான் போனப்ப, “முப்பது நாளுக்குள்ள ரெண்டு பேரும் பேரு போட்டு, கையெழுத்து வச்சு ஒரு மனு குடுங்கம்மா. ரெண்டு பேரையும் ஒரே அட்டையில போட வழி இருக்குது. அதே எடத்தைத் தந்தர்றேன்”னான். நான் உடனே வெளிய வந்து, மனு எழுதறவர்கிட்ட உக்காந்துட்டேன். இறங்கிப் போனது நான். அதைக் கவனிங்க. நான்தான் இறங்கிப் போனேன்.

அவரு டைப்படிக்கற மெஷின்ல தட்டுனாரு. “மனுதாரர் மயிலாத்தாள். அடுத்த பேரு?”

“மற்றும் ஒருவர்னு போடுங்க.”

“பேரு போட்டாத்தானுங்கம்மா ஆகும்.”

“கையெழுத்து வைக்கறப்ப அதுவே எழுதிக்கும். நீங்க போடுங்க.”

வெங்கிடுசாமிகிட்டக் குடுத்தனுப்புனேன். படிச்சுப் பாத்துட்டு அவரு முகத்தைச் சுளிச்சாரு. “பெரியக்கா, நாலு எழுத்துங்க. நானே பேனாவுல எழுதிக்கட்டுமா?”ன்னாரு. “உங்க வேலை கொண்டு போறது”ன்னேன். கொண்டு போனாரு. அரை மணி நேரத்துல திரும்பி வந்தாரு. மனு அப்படியே இருந்துச்சு, கையெழுத்து இல்லை. அதுக்குள்ள மடிச்சு இன்னொண்ணு வச்சிருந்தா.

என்ற மகளோட கல்யாணப் பத்திரிகை.

ஏழு வருசம் ஆகியும் மஞ்சள் கூட மங்கலை. அத்தனை பத்திரமா வச்சிருந்திருக்கறா. ஒரு மனுசிக்கு எவ்வளவு வன்மம் இருந்தா ஒரு பத்திரிகையை இப்படி வச்சிருப்பா? சரி, அதைத் திருப்பி அனுப்புனதுக்கு அர்த்தம் என்ன? கல்யாணம் முடிஞ்சு பேத்தியே பொறந்தாச்சு, இப்ப எனக்கெதுக்கு அது? வெங்கிடுசாமிகிட்டக் கேட்டேன். அவரு “உங்களுக்குத் தெரியாதுங்களா பெரியக்கா?”ன்னாரு. அவரும் அவ பக்கந்தான். அன்னியிலிருந்து என்னோட பேசறதில்லை.

மார்ச் இருபத்திரெண்டாம் தேதி கெடு முடிஞ்சுது. ஏப்ரல்ல அந்த எடத்துக்கு ஜூஸ் வண்டி வந்துச்சு. இப்ப சொல்லுங்க, கடையைக் கொன்னது யாரு? ஒரு கையெழுத்து வச்சிருந்தா போதும்.

மெஷினை ஏன் எடுத்துட்டுப் போகலைன்னு கேக்கறீங்க. நல்லாக் கேட்டீங்க. அவ பூட்டு அன்னிக்குத் திறந்தது திறந்தபடியே தொங்குது, இங்கிருந்து தெரியும் பாருங்க. பூட்டவே இல்லை. என்ற பூட்டு மட்டுந்தான் பூட்டியிருக்குது. நான் திறந்தா தூக்கிட்டுப் போயிடலாம். ஆனா எனக்குத் தெரியாதா? நான் கையை வைக்கட்டும்னு எங்கயோ நின்னு பாத்துட்டிருப்பா. பொறவு ‘மொத்தத்தையும் மூத்தவ எடுத்துக்கிட்டா’ன்னு ஊரு பூராச் சொல்லுவா. அதுக்கு எடம் குடுக்க மாட்டேன். அதோட, அதைத் தூக்கிட்டுப் போய் நான் என்ன பண்றது? கீழ உக்காந்து இலை பிடிக்க யாரு இருக்கறா?

நீங்க சாப்பிடத்தானே வந்தீங்க? பசியோட என்னைக் கேட்டுட்டிருக்கறீங்க. இங்கிருந்து ரெண்டாவது தெருவுல, ஒரு நெம்புகோல் மெஷின் முன்னால ஒரு கூட்டம் நிக்கும். நான் பேரு சொல்ல மாட்டேன். ஆபீஸ் பலகையில இருக்குது, நானும் போய்ப் படிச்சேன்.

2024 ஜூன் பத்தாம் தேதி, திங்கள்கிழமை ஒட்டினாங்க. வரிசை எண் 114. பெயர்: குணவதி. கணவர்: காலஞ்சென்ற ரங்கசாமி. தொழில்: சந்தகை. இடம்: பூ மார்க்கெட், பின் கேட். உதவியாளர்: இல்லை.